ஒரு வாலிபர் தேவை

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வாலிபனையாவது பிடிச்சாகணும்வே."

காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எனக்கு எதிரில் உட்கார்ந்த இருவரில் வழுக்கைத் தலைக்காரர் சொன்னது இது. கல்கத்தாவில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியத்தில் சத்தமாகவே சொன்னார். நான் உடனே வங்காளி முகம் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

"நம்ம சர்ச்சு வாலிபர் ஐக்கியத்துல பதினெட்டுப் பேர்னு நீங்கதான அண்ணாச்சி மேலிடத்துக்கு எழுதி அனுப்புனீங்க?" என்றார் மீசைக்காரர்.

"பதினெட்டுப் பேரு இருக்கோம்லா?"

"அதுல கடைக்குட்டி நான். எனக்கே பேரன் பொறந்தாச்சு."

"ஒருத்தனும் விலகல, நான் என்ன செய்ய? அதை நம்பித்தான் வாலிபர்களுக்குன்னே ஒரு பாஸ்டரை அனுப்புறாங்க. வந்து பார்த்துட்டு, அடுத்த ரயில்லயே திரும்பிப் போயிட்டார்னா?"

"உங்க மகனைக் கூப்பிடுங்களேன்."

"அவன் பெங்காலி சர்ச்சுக்குப் போறான். தமிழ்ப் பிரசங்கம் புரியலைங்கான்."

மீசைக்காரர் கண்ணால் என்னைக் காட்டினார். "இந்த ஆள் தமிழோ?"

அவசரமாக வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"தமிழா இருந்து என்னத்துக்கு? நம்ம வயசுதான்."

எனக்கு நாற்பத்தொன்று.

"பாஸ்டருக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"பெறகென்ன? அவரையே ஐக்கியத்துல சேர்த்துருவோம். ஒரு வாலிபர் ஆச்சுல்லா?"

வழுக்கைத் தலைக்காரர் முகம் மலர்ந்தது. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் வாடியும் போனது.

"சேர்க்கலாம்வே. ஆனா சேர்ந்ததும் செயலாளர் பதவியைக் கேட்டுருவாரோ? முப்பது வருசமா நான்லா இருக்கேன்."