இட்சுகோவின் ரத்தச் சொட்டு

இந்த டப்பாவில் இருக்கும் முட்டைத் துண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஐயா. மற்றபடி சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, ஊறுகாயில் உப்பு தூக்கல். ஆனால் காவல் நிலையத்தில் கொடுக்கிற சாப்பாட்டுக்கு நொட்டை சொல்லும் ஆள் இல்லை நான். முட்டை ஆகாது, அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பதுதான் எங்கள் தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மிசோ தொழிற்சாலை. அங்கே தரம் பார்ப்பது என் வேலை. வேகவைத்த சோயாவும் அரிசியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும் பெரிய பெரிய தொட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து உப்பு, ஈரம், நிறம் பார்த்து முத்திரை வைப்பேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

என்றைக்காவது ஒரு தொட்டியிலிருந்து மாதிரி எடுக்க விட்டுப்போனால், அதே நாளில் போட்ட பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதில் விட்டுப்போன தொட்டியின் எண்ணை ஒட்டிவிடுவோம். உங்கள் புருவம் உயர்கிறது. அந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஒரே சோயா, ஒரே உப்பு, ஒரே கூரை. பிறகென்ன வித்தியாசம்? அப்படி முத்திரை வைத்த மிசோவைச் சாப்பிட்டு இந்த மட்சுமோட்டோ ஊரில் ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை.

ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்து கொடுத்துக் கைதட்டி அனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து என் கைகளுக்கு வேலை இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. குளிர்பெட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். மசாலா டப்பாக்களின் காலாவதித் தேதியைப் பார்த்தேன். என் மனைவி இட்சுகோ வைத்த சூப்பில் உப்புமானியை விட்டு அளந்தேன்.

"என்னங்க இது? இத்தன வருஷம் வாயால குடிச்சீங்க, இப்ப கருவியால குடிக்கிறீங்களா? முத்திரை வச்சாத்தான் நானும் குடிக்கணுமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆண்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். சொபா நூடுல்ஸ் செய்யும் வகுப்பில் சேர்ந்தேன். மலையடிவாரத்தில் விளைந்த சொபா தானியத்தின் மாவு, பிசைகிற பெரிய மரத்தட்டு, அகலக் கத்தி எல்லாம் வாங்கினேன். எனக்குக் கை நன்றாகப் படிந்தது. முடியைப் போல மெல்லிசாக ஒரே அளவில் வெட்டுவேன். வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டில்தான் சாப்பிட ஆள் இல்லை.

இட்சுகோவுக்குச் சொபா ஆகாது. சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவிழாவில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, முகம் வீங்கி, தொண்டை அடைத்துவிட்டதாம். அவளுடைய அப்பா முதுகில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாராம். அதனால் அப்படி ஆனால் உடனே குத்திக்கொள்ள அவள் கைப்பையில் எப்போதும் ஒரு ஊசி மருந்துப் பேனா இருக்கும். வருஷக் கடைசி நாளில் ஊரே சொபா சாப்பிடும்போது எங்கள் வீட்டில் மட்டும் வேகவைக்க இரண்டு பாத்திரம், இரண்டு தண்ணீர். எனக்குச் சொபா, அவளுக்குக் கோதுமையில் செய்த உடோன் நூடுல்ஸ். "சொபா விளையுற மண்ணுல, சொபா ஆகாத மருமகளா!" என்று என் அம்மா இருந்தவரை சொல்லிக்காட்டுவாள். அதற்கும் இட்சுகோ சிரித்துவிட்டு, தனியாகத் தன் பாத்திரத்தைக் கழுவப் போவாள்.

நான் மாவைச் சலிக்க ஆரம்பித்தால் அவள் ஜன்னல்களைத் திறப்பாள். முகமூடி போடுவாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருக்கும் தகிசாவா அம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பெண்களின் பாட்டுக் குழு கூடும். பாட்டு கொஞ்சம், தீனி நிறைய. கேக், புட்டிங், இனிப்புப் பயறு வைத்த கொழுக்கட்டை. இருட்டும் நேரத்தில் சிரித்துச் சிரித்துக் கன்னம் சிவந்து திரும்பி வருவாள். அதற்குள் நான் வெட்டி வைத்த நூடுல்ஸ் காய்ந்து ஒடிந்து கிடக்கும். அந்தச் சாயங்காலங்களை நான் வெறுத்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

அப்போதுதான் செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். வீட்டிலேயே விரலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு வைத்துத் தபாலில் அனுப்பினால், எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்களாக அச்சடித்து அனுப்புவார்களாம். இட்சுகோ கொஞ்ச நாளாக வயிறு உப்புசம், அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வரவழைத்தேன்.

"ஊசியா? ஐயோ, ஆளை விடுங்க. என் உடம்பு பொறந்ததுலருந்து என்கூடத்தான் இருக்கு. அதுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

பெட்டி மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. மாதிரி எடுக்காமல் ஒரு தொட்டி நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் அவள் அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டிப் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். விழித்தபோது அவள் மோதிர விரலில் சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எடுத்தாச்சு. உனக்குத் தெரியவே இல்ல பாத்தியா?" என்றேன்.

விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்த கேக்காமலா?" என்றாள். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்கவே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முடிவு வந்தது. மேலே அவள் பெயர் அச்சாகியிருந்தது. முட்டை சிவப்பு, பால் சிவப்பு, இனிப்புப் பயறு சிவப்பு. சொபாவுக்கு நேரே தெளிவான பச்சை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தக் காகிதத்துக்குப் பைத்தியம் புடிச்சிருக்குங்க. எனக்குப் புடிச்சதெல்லாம் செவப்பு, என்னைக் கொல்றது பச்சையா?"

அவளுடைய டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அந்தக் காகிதத்தை நம்பி எதையும் விடவும் வேண்டாம், எதையும் புதிதாகத் தொடவும் வேண்டாம், சொபா விஷயத்தை இந்தச் சோதனை கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது என்று சொன்னாராம். நான் வாதாடவில்லை. தன் கையால் எழுதிக் கொடுக்காத எதையும் டாக்டர்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆனால் தகிசாவா அம்மாளுக்கு டெலிபோன் செய்து, இட்சுகோவுக்கு என்னென்ன ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

"என்ன அண்ணே, பொண்டாட்டிக்கு ரேஷன் போடுறீங்களா?" என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு நாக்கு நீளம். "நேத்து வரைக்கும் ரெண்டு துண்டு கேக்கை முழுங்கிட்டு மேல் ஸ்தாயில பாடிக்கிட்டிருந்தா. இன்னைக்கு அது விஷமாயிருச்சா?"

"பரிசோதனை சொல்லுதும்மா. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத்தானே சங்கடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஆகாது என்று புருஷனே சொன்ன பிறகு, அதை யாரும் தட்டில் வைக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தின்பண்டம், இட்சுகோவுக்கு மட்டும் வெறும் தேநீர். கொஞ்ச நாளில், அவள் எதிரில் சாப்பிடக் கூச்சப்பட்டு அவர்களும் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். "நான் போனா அவங்க ஒளிச்சு ஒளிச்சுத் திங்க வேண்டியிருக்கு, பாவம்" என்று சொல்லி, போவதைக் குறைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

சாயங்காலங்களில் வீட்டில் இருந்தாள். நான் மாவு பிசைய, அவள் முகமூடியோடு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பாள். இளைத்துப்போனாள். பாவாடைக்கு ஊக்கு போட்டுக்கொண்டாள். உடம்பு சுத்தமாகிறது என்று நான் சொன்னேன். துணைக்கு நானும் முட்டையையும் பாலையும் விட்டுவிட்டேன். எனக்கு வயிறு இறகு மாதிரி லேசானது. "எனக்காகவா விட்டீங்க?" என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம் என்றே சொல்வேன்.

இடையில் நின்றது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பச்சைக் கட்டம். பச்சை என்று அச்சடித்து வந்த பிறகும் அவள் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். இது உடம்பின் நோய் இல்லை, பயத்தின் நோய் என்று எனக்குப் பட்டது. தெரியாமல் ஒரு முறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், மறுநாள் புத்தாண்டுக் காலையில் உண்மையைச் சொல்லிவிடலாம். இருவரும் சிரிப்போம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், ஐயா. நான் வெட்டியதை என் மனைவி சாப்பிட வேண்டும்.

வருஷக் கடைசி நாள் மத்தியானம் அவளுக்காக முதல் முறையாக என் கையால் உடோன் செய்தேன். கோதுமை மாவுதான். தேய்க்கும்போது ஒட்டாமல் இருக்கத் தூவுகிற மாவு மட்டும் சொபா. கொஞ்சம் தாராளமாகவே தூவினேன். மாதிரி என்றால் அளவு போதுமானதாக இருக்க வேண்டும்.

"எனக்காக மாவு பிசைஞ்சீங்களா?" என்று வாசலில் பனியைத் தள்ளிவிட்டு வந்தவள் நின்றுவிட்டாள். "நாளைக்குச் சூரியன் மேக்கால உதிக்கப்போகுது, பாருங்க." கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "நல்லா வாசனையா இருக்கே, என்ன போட்டீங்க?"

"கைமணம்" என்றேன்.

பாதிக் கிண்ணம் சாப்பிட்டிருப்பாள். கழுத்தைச் சொறிந்தாள். சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "என்னங்க, என் பை... பையை எடுங்க" என்றாள். குரல் அதற்குள் கரகரத்துவிட்டது.

அந்தப் பை எப்போதும் வாசல் கொக்கியில் தொங்கும். காலையிலேயே அதை எடுத்து மாடி அலமாரியில் வைத்திருந்தேன். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவள் முதல் அரிப்பிலேயே குத்திக்கொள்வாள். பிறகு எதை வைத்து எதை நிரூபிப்பது? சோதனை நடக்கும்போது தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது.

"பச்சைதான் இட்சுகோ, பயப்படாத. மெதுவா மூச்சு விடு" என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. பேச வரவில்லை. முழங்காலிட்டு வாசல் கொக்கியை நோக்கி நகர்ந்தாள். கொக்கியில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள் என்றே நினைத்தேன். கருவியின் முள் ஆடி அடங்கும் வரை காத்திருப்பது என் பழக்கம், காத்திருந்தேன். உதடு நீலமான பிறகு மாடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்தேன். பேனாவோடு இருந்த குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். குறிப்பைப் படிக்காமல் நான் எதையும் இயக்கியதில்லை. ஊசியைக் குத்திய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பனியில் அந்தப் பிள்ளைகள் விரைவாகத்தான் வந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வருவதற்குள் இட்சுகோவின் மூச்சு நின்றுவிட்டது.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. பரிசோதனை முடிவைப் பின்பற்றினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த முட்டைத் துண்டையே பார்க்கிறீர்கள். முட்டை உன் மனைவிக்குத்தானே சிவப்பு, உனக்கு எப்படி ஆகாது என்று கேட்கப்போகிறீர்கள். கவனமான ஆள் நீங்கள். எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தால் நன்றாக முன்னுக்கு வந்திருப்பீர்கள்.

அந்த மத்தியானம் அவள் விரலைப் பிடித்தது உண்மை. ஊசி முனை பட்டதும், தூக்கத்திலேயே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மறுபடியும் பிடித்தேன், மறுபடியும் இழுத்துக்கொண்டாள். அட்டை காலியாக இருந்தது. என்னால் அதைக் காலியாக விட முடியவில்லை. என் விரலில் குத்தி வட்டங்களை நிரப்பி, மேலே அவள் பெயரை எழுதினேன். பிறகு அவள் கை தானாக வெளியே வந்தபோது, அந்த விரலில் பிளாஸ்திரியை ஒட்டினேன். அதன் அடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கல்யாணமான நாள் முதல் ஒரே பானைச் சோறு, ஒரே சூப்பு, ஒரே கூரை. ஒரே தொட்டி, ஐயா. வித்தியாசம் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

அதனால் அந்தக் காகிதத்தைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். முட்டையை விட்டதும் என் வயிறு சரியானது. சொபா என்னை இன்று வரை ஒன்றும் செய்ததில்லை. வேறு எதை எழுதினாலும் இதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பரிசோதனையில் ஒரு தவறும் இல்லை.