அறுபது குப்பிகளுக்கும் பொறுப்பேற்ற அம்மையார்

மாமல்லபுரக் கடலோரம் தந்த மாண்பே! உறைகுளிரில் உயிர் காத்த உறுதியே! செங்கல்பட்டு உயிரணு வங்கியில் இருபத்திரண்டு ஆண்டுகள் நிமிர்ந்து நின்று, இன்று ஓய்வு பெறும் எங்கள் சம்பூர்ணம் அம்மையே, வணக்கம்!

நோயாளியின் உயிரணுக்களை உறையவைத்துக் காத்து, உரிய நாளில் உருக்கி அவருக்கே ஏற்றக் கொடுப்பது நம் பணி. உறைகையில் அவை சாகாதிருக்க நாம் சேர்த்த பழைய கரைசலோ, ஏற்றியதும் குடல் புரள வாந்தியெடுக்க வைத்தது. நலிந்த இதயங்களைத் தடுமாற வைத்தது. எல்லாரும் கைகட்டி நிற்க, சர்க்கரை வகையொன்றால் நச்சு குறைந்த கரைசலைச் சோதிக்கத் துணிந்தவர் தாங்களே!

முதல் சோதனையில் அறுபது குப்பிகளிலும் உயிரணுக்கள் செத்தன. மறைப்பானேன்? தவறு தங்களுடையதுதான். மீன் விற்ற வீட்டில் பிறந்தவர். ஐஸில் கிடந்த மீனைத் தானாக இளகவிட்டுப் பழகிய கை. புதுக் கரைசலுக்கும் அந்தப் பக்குவமே நல்லதென்று நம்பி, வெதுவெதுப்பான நீரில் சட்டென உருக்க வேண்டியதை மேசைமேல் மெல்ல இளகவிட்டீர்கள். நிர்வாகமோ, கரைசலே உதவாதென்று சோதனையைக் கைவிடப் பார்த்தது. வாய் திறக்காதிருந்தால் பதவி உயர்வு தங்கள் கைக்கு வந்திருக்கும். தாங்களோ கூட்டம் நடந்த அறைக்கே போய், "செத்தது என் கையால சார். மருந்து மேல பழிய போடாதீங்க. மெமோவ எனக்குக் குடுங்க, மருந்துக்கு இன்னொரு தபா சான்ஸ் குடுங்க" என்றீர்கள். மெமோ வந்தது; பதவி உயர்வு போனது. மறு சோதனையில் பத்துக்கு ஒன்பது உயிரணுக்கள் பிழைத்தன!

நீண்ட சோதனைகளுக்கும் முறையான அனுமதிக்கும் பிறகு, இதயம் நலிந்த திருக்கழுக்குன்றத்துப் பொன்னி அக்கரைசலில் காத்த தம் உயிரணுக்களைப் பெற்றார். ஏற்றி முடித்ததும், "இன்னாமா, அவ்ளோதானா?" என்று கேட்டாரே! அதற்கு மேல் ஒரு விருதை எந்தப் பல்கலைக்கழகம் தந்துவிடும்?

மெமோவைப் பற்றி இம்மடலில் ஒரு வரியும் வரக்கூடாதென்று எங்களுக்கு நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவு. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறையும் அப்படியே கொடுத்தோம். இவ்வங்கியில் தவறு செய்தவர் பலர், நாங்களும் அதில் சேர்த்தி. ஒப்புக்கொண்டவர் தாங்கள் ஒருவரே. அதை விழுங்கிவிட்டு வாழ்த்த எங்களுக்கு நா எழவில்லை அம்மா!

நோய் அண்டாமல், நிம்மதி குன்றாமல், நூறாண்டு வாழ்க! சட்டமிட்ட இம்மடல் தங்கள் வீட்டுக்கு. இதன் இன்னொரு படியை ஆய்வகச் சுவரில் திருகாணி முடுக்கி மாட்டிவிட்டோம். கழற்ற வருகிறவர் எங்களைத் தாண்டி வரட்டும்.

அன்பும் பிடிவாதமும் குறையாத,
ஹெலன், காசிநாதன், சுவேதா, லோகு
மற்றும் ஆய்வகப் பணியாளர்கள் அனைவரும்
செங்கல்பட்டு