பாத் நகரத்துக் குளத்தில் கழற்றிய சப்பாத்து

"இங்கிலாந்துக்குப் போய் வெந்நீர்க் குளத்தைச் சுத்திக் கும்பிட்ட ஆள் நீங்கள் ஒராள்தான்."

மல்வேர்ன் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில், ஒரு மனைவி கணவரிடம் சொன்னார்.

"பாத் டவுனிலயோ? கல்லுத் தூண், படிக்கட்டு, நடுவில ஆவி பறக்கிற தண்ணி. கோயில் கேணி மாதிரியே கிடந்தது."

"ரோமர் குளிச்ச இடமப்பா. தூணிலயும் அடி மட்டும்தான் பழசாம். மேல பிறகு கட்டினது."

"பக்கத்தில அம்மன் கோயிலும் இருந்ததெண்டு கைட் சொன்னவ."

"அதுக்கு? சப்பாத்தைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டு மூண்டு சுத்து! சனமெல்லாம் பாத்துச் சிரிச்சது."

"சிரிச்சதுதான். நான் காவினது ரெண்டு சோடி. மற்றது உம்மட."

மல்வேர்ன் வந்துவிட்டதா என்று மனைவி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பஸ் இன்னும் புறப்படவே இல்லை.