அறுநூறு கால்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொம்மை பிடிக்காது. அதில் தப்பொன்றும் இல்லை. பல் மருத்துவருக்குப் பல் மேல் பாசம் இருந்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பதினான்கு வருடமாகப் பொம்மைகளுக்குப் படக்கதை எழுதிவருகிறேன். பொம்மை கம்பெனி முதலில் பொம்மையைச் செய்யும். செய்து முடித்த பிறகு, இதை விற்க ஒரு கதை இருந்தால் தேவலையே என்று அதற்குத் தோன்றும். அப்போது என் போன்ற ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். என் முதல் கதாநாயகன் முகம் வரைந்த ஒரு பந்து. பந்துக்கு என்ன லட்சியம் இருக்க முடியும்? உருள்வது. அதற்கு எதிரி யார்? மேடு. இப்படியே இருபத்திரண்டு இதழ் ஓட்டினேன். கடைசி இதழில் பந்து தன் தொலைந்துபோன தந்தையைக் கண்டுபிடித்தது. அவரும் பந்துதான்.

அதை மெச்சித்தான் கவசப்பூச்சிகளை என்னிடம் கொடுத்தார்கள். கவசம் போட்ட வண்டு, வெட்டுக்கிளி, கரையான், தேள். தேள் பூச்சி இனத்தில் சேராது என்று சொல்லிப் பார்த்தேன். விற்பனையில் சேரும் என்றார்கள்.

படம் வரைந்தவரை ஆபீசில் எல்லோரும் ‘கோடு’ என்று கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. இவ்வளவு நெருங்கிப் பழகிவிட்டா இப்படி என்று நீங்கள் கேட்கக்கூடும். நெருங்கிப் பழகாதவனால் இது ஆகிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மாதா மாதம் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் பட்டியல் அனுப்புவார். கடைக்கு வரப்போகிற பொம்மைகள் எல்லாம் அந்த இதழில் தலைகாட்ட வேண்டும். அவரை நாங்கள் பட்டியலம்மா என்போம். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். அந்தப் பொம்மைகளின் கால் மூட்டுக்கு மூட்டு மடங்கும், அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆகவே படத்தில் ஒவ்வொரு மூட்டும் தெரிய வேண்டும். ஒரே படத்தை நகலெடுத்து ஒட்டினால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒவ்வொரு பூச்சியும் தனித்தனியாக, கையால்.

‘நூறு கரையான்கள் மதில் ஏறுகின்றன’ என்று எழுத எனக்கு ஏழு நொடி ஆகும். அதை வரைய அவருக்கு நான்கு நாள். அறுநூறு கால், ஆயிரத்து எண்ணூறு மூட்டு. இந்த உண்மை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அதை வைத்து நான் ஒன்றும் செய்ததில்லை, முப்பத்தோராவது இதழ் வரும்வரை.

அந்த இதழில் அச்சகத்துக்காரர்கள் எழுத்தை மட்டும் ஏற்ற மறந்துவிட்டார்கள். படம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பூச்சிகளின் வாயிலிருந்து கிளம்புகிற வசனக் குமிழ்கள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று காலி. அப்படியே கடைக்குப் போய்விட்டது.

நான் கடிதங்களுக்காகக் காத்திருந்தேன். அந்த மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதம் வந்தது. ஒன்று விடாமல் படித்தேன். வெட்டுக்கிளி அடித்த பல்டி பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். தேள் கொடுக்குக்கு ஏன் பச்சை நிறம் என்று கேட்டிருந்தார்கள். பூச்சிகள் ஏன் பேசவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு பையன், இந்த மாதக் கதை எப்போதையும்விட நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தான். கதை என்ற சொல்லை அவன்தான் அடிக்கோடிட்டிருந்தான், நான் அல்ல.

கோடு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “தம்பி, இனிமே நீ வீட்டுலயே படுத்துக்கோடா. நான் பாத்துக்கறேன்” என்றார். ஒரு வருடம் இதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆபீஸ் வாசலில் டீ விற்பவர்கூட என்னைக் கண்டால் வாயைத் திறந்து சத்தமில்லாமல் மூடிக் காட்டினார். கோட்டுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எண்ணமே கிடையாது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். விரல் மட்டும்தான்.

அதே வருடம் பொம்மைக் கண்காட்சியில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். அவர் மேசை முன்னால் வரிசை கதவுக்கு வெளியே போய்விட்டது. என்னிடம் ஒரு சின்னப் பெண் வந்தாள்.

“அங்கிள், நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பூச்சிங்க பேசறதெல்லாம் நான்தான் எழுதறேன்.”

“பொய். அதுங்களேதான் பேசும்.”

அவள் அம்மா மன்னிப்புக் கேட்டு இழுத்துக்கொண்டு போனார். இந்த மாதிரி முட்டாள் குழந்தைகளுக்காகத்தான் நான் ஒவ்வொரு வரியையும் நான்கு முறை திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு கோட்டுக்குக் கட்டைவிரல் அடியில் வலி வந்தது. ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலம்மா புத்தகத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பயம். அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான்தான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் விரலடியில் ஓர் ஊசி போட்டார். ஊசியைக் கண்டாலே கோட்டுக்கு மயக்கம் வரும். வெளியே பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டார். மருத்துவர் என்னிடம் சொன்னார்: “வலி போயிடும், ஆனா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. மூணு மாசம் கைக்கு ஓய்வு குடுக்கணும். இந்த ஊசிய வருஷத்துக்கு மூணு தடவைக்கு மேல போட்டா தசைநார் நைஞ்சு ஒருநாள் பட்டுனு அறுந்துடும்.” அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். உங்கள் கையில் இருப்பது அந்தச் சீட்டுதான்.

வெளியே வந்தேன்.

“என்னடா சொன்னாரு?”

“எப்ப வலிச்சாலும் வந்து போட்டுக்கலாமாம் அண்ணே. வரையறத நிறுத்தவே வேணாமாம்.”

அவருக்கு உயிர் வந்தது. வலிக்காத கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “நீ மட்டும் ஆளைக் கொஞ்சம் கொறைச்சு எழுதுடா. சண்டைன்னா ரெண்டு பேருக்குள்ள இருந்தாப் போதும்.”

“எழுதிட்டாப் போச்சு” என்றேன்.

மறுநாள் காலை ‘கரையான் படையெடுப்பு’ தொடங்கியது. பன்னிரண்டு இதழ்.

முதல் இதழ் கைக்குப் போனதும் போன் செய்தார். “என்னடா தம்பி, பக்கத்துக்குப் பக்கம் கல்யாணக் கூட்டமா இருக்கு?”

“பட்டியலம்மா கேக்கறாங்க அண்ணே. நான் என்ன பண்ணட்டும்?”

பட்டியலம்மா கேட்டது ஒன்பது கரையான். நான் தொண்ணூறு என்று எழுதினேன். ஒரு சைபர்தான் கூடுதல். கதைக்கு அது தேவைப்பட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒன்பது பேர் வந்தால் அது படையெடுப்பா, விருந்தாளியா?

ஊசி போட்டால் மூன்று வாரம் வலி தெரியாது. வலி தெரியாத கை அதிகம் வரையும், அதிகம் வரைந்த கைக்கு மறுபடி ஊசி வேண்டியிருக்கும். ஒரே இடத்துக்குப் போனால் எண்ணிக்கை வைத்திருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பழைய டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்பேன், இவர் கைராசிக்காரர் என்பேன். குழந்தை மாதிரி பின்னாலேயே வருவார். படிவத்தை நான் நிரப்புவேன். ‘இதற்கு முன் ஊசி போட்டதுண்டா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்று எழுதுவேன். நான் எழுதியதை ஒருவர் முழுதாகப் படித்து, நம்பி, உடனே அதன்படி நடந்தது இந்தப் பதினான்கு வருடத்தில் அங்கே மட்டும்தான்.

பத்து மாதத்தில் எட்டு ஊசி.

பதினோராவது இதழ், பத்தொன்பதாம் பக்கம், மூன்றாவது கட்டம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பென்சில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் முதலில் பென்சிலைத்தான் பார்த்தார். அது முழுசாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை செய்து தைத்தார்கள். நைந்துபோனதில் தையல் நிற்கவில்லை. இப்போது அந்தக் கட்டைவிரல் ஓர் அலங்காரம். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழம் வாங்கிக்கொண்டு போவேன். “நீங்க இல்லேன்னா இவரு இத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருப்பாரா தம்பி?” என்று அண்ணி அழுவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்று பழிப்பார்கள். தொட்டில் ஆட்டுவதும் ஒரு வேலைதான் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கோட்டுக்குப் பிறகு ஒரு புது ஆள் வந்தார். படையெடுப்பைப் பாதியிலேயே கிடப்பில் போட்டுவிட்டு வேறு கதை கேட்டார்கள். நான் என் வாழ்நாளிலேயே சிறந்த வசனங்களை எழுதினேன். பழைய ஓவியர் எங்கே என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. மூன்றே இதழில் புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள்.

போன ஞாயிறு கோட்டிடமே உண்மையைச் சொன்னேன். தொண்ணூறு கரையான், சீட்டு, படிவங்கள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“போடா டேய். நல்லா எழுதறவன் எவனாவது வந்து சொன்னாக்கூட நம்பலாம். உனக்கு ஏதுடா இவ்வளவு கற்பனை?”

டீ கொண்டுவந்த அண்ணியும் சிரித்தார். “தம்பி பாவம், தன்னாலதான் இவருக்கு இப்படி ஆச்சுன்னு மனசு கஷ்டம். ஏதேதோ பேசறாரு.” என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால்தான் இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் கையை எடுத்தவன் நான். திட்டம் என்னுடையது, வரிசை என்னுடையது, எங்கே எத்தனை கால் என்பது என்னுடையது. வேறு யாரும் உதவவில்லை.

கூட்டத்தை வரையச் சொன்னதெல்லாம் கேஸ் ஆகாது சார் என்கிறீர்கள். சீட்டையும் படிவங்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டு, நான் கொண்டுவந்த கதைத்தாள் கட்டை மேசை ஓரமாகத் தள்ளி அதன் மேல் டம்ளரை வைத்திருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான ஆதாரம். டம்ளரை எடுங்கள். பன்னிரண்டு இதழையும் நீதிமன்றத்தில் முழுதாக, சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். பன்னிரண்டாவது இதழை யாரும் இன்னும் வரையவேயில்லை. எழுத்து மட்டும்தான் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட அந்தக் காவலர் பெயரும் இதில் வருமாமே. வரட்டும். ஆனால் என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.