எட்டாம் சுற்றுக்கு என் குரல்

சுண்டெலி! பாரடா, உனக்காக எத்தனை பேர்!

மேடையில் இருக்கும் கல்லூரி முதல்வர் ஐயாவுக்கும், பேராசிரியர்களுக்கும், எதிரே இருக்கும் டாக்டர் பிள்ளைகளுக்கும் வணக்கம். உங்களுக்கு அவர் பெரிய பேராசிரியர். எனக்குத் தம்பி, சுண்டெலி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற தையல்காரி. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் தெரியும். நீங்கள் படிப்பதற்காக அவன் செய்த செல்போன் விளையாட்டில் ஏழு சுற்றிலும் படுத்துக்கிடக்கும் நோயாளி நான்தான்! எத்தனை முறை என்னைச் சாகடித்தீர்கள்! சிரியுங்கள், அவனுக்கும் சிரிப்புதான் பிடிக்கும்.

தையல் மெஷின்மேல் செல்போனை வைத்து, "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுக்கா" என்பான். "யாருடா அப்படிச் சொல்வா? நெஞ்சு மேல மூட்டையை ஏத்தி வச்ச மாதிரி இருக்குன்னுதான் சொல்வாங்க" என்பேன். அதையே போடுவான். பேசி முடித்ததும், "சரியா வந்துச்சாடா?" என்று கேட்பேன். "இன்னொரு தடவைக்கா" என்பான். ஒருநாளாவது சரி என்றானா?

ஒருமுறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நின்னுக்கிட்டே கேட்டா என்னத்தச் சொல்வேன்? முதல்ல உட்காருடா!" என்று கத்தினேன். கிறுக்கன், அதையும் பதிந்துவிட்டான்! விளையாட்டில் நாற்காலியை இழுத்துப் போடாமல் கேள்வி கேட்டால் உங்கள் நோயாளி உண்மையைச் சொல்லாதது அதனால்தான்.

விளையாடி யாராவது டாக்டர் ஆவார்களா என்று கேலி பேசியவர்கள் உண்டு. போன மாதம் இதய நோயோடு அவனே ஆஸ்பத்திரியில் படுத்தான். அவனிடம் படித்த பெண் ஒருத்தி வந்தாள். நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். "சார், ஏதாவது சொல்லாம விட்டுட்டீங்களா?" என்றாள். விட்டிருந்தான்! படுத்தால் மூச்சு முட்டுவதை என்னிடம்கூட மறைத்திருந்தான். அவளிடம் சொன்னான். அவள் போனதும் என் கையைப் பிடித்து, "அக்கா, பத்துக்குப் பத்து!" என்றான். அந்த முகத்தைப் பார்த்தேனே, எனக்கு அது போதும்.

எட்டாம் சுற்றுதான் பாக்கி. அதில் நோயாளி இறந்துவிடுவார். வெளியே பெஞ்சில் இருக்கும் சொந்தக்காரரிடம் டாக்டர் அதைச் சொல்ல வேண்டும். அந்தச் சொந்தக்காரராக என்னைப் பேசச் சொன்னான். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? மாட்டேன் போ" என்றேன். இரண்டு வருடம் கெஞ்சினான். மசியவில்லை.

பிறகு அந்தப் பெஞ்சில் நானே உட்கார்ந்தேன். அதே பெண் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்பிட்டானாம்மா?" அவள் அவசரப்படவில்லை. "ரெண்டு வாய் சாப்பிட்டார்மா" என்றாள்.

பிள்ளைகளே, எட்டாம் சுற்றை நான் பேசித் தருகிறேன். மீதி வேலையை நீங்கள் முடியுங்கள். இன்று காலையே மெஷினை நிறுத்திவிட்டு முதல் வரியைப் பதிந்துவிட்டேன்: "சாப்பிட்டானாம்மா?"

சரியா வந்துச்சாடா, சுண்டெலி?