வாயை மூடாத போனு

சாயந்தரம் அஞ்சே முக்கால், பதினேழு மெயிலு, அத்தனையும் உதயகுமாருக்கு. ஆமாக்கா, என் போனுதான் பேசுச்சு. மடிக்குள்ள இருந்து திடுதிப்புன்னு ஒரு பொம்பள குரலு கேட்டா யாருக்கும் தூக்கித்தான் போடும். இருங்க, ரெண்டு வெரல வச்சு ஒரு தட்டு தட்டுனா நிப்பாட்டிரும். கேட்டீகளா, நின்னுருச்சு. ஆனா இப்பப் பேசுனது மட்டுந்தான் நிக்கும். அடுத்து ஒண்ணு வந்தா மறுபடி ஆரம்பிச்சிரும்.

உதயகுமாரா? எங்க வீட்டுக்காரரு. எதுல பேரைப் பதிஞ்சாலும் என் மெயில் ஐடியத்தான் குடுப்பாக. அவுகளோடது சுத்தமா இருக்கணுமாம். சட்டை, செருப்பு, டயரு, சீட்டு வெளாட்டு, எல்லாக் குப்பையும் எங்கிட்டத்தான் வந்து விழுகும். இல்லக்கா, இப்ப இதெல்லாம் அவுகளுக்கு வேண்டியதில்ல. நான்தான் இன்னும் எடுத்து விடாம வச்சிருக்கேன்.

நீங்க ஏறையிலயே கம்பு தட்டுற சத்தத்தக் கேட்டேன். கண்டக்டரு படி படின்னு கத்துனதும் கேட்டுச்சு. பொறந்ததுல இருந்தா? ஓ, சக்கரையில போச்சா. ரெண்டு வருசம்னா உங்களுக்கு எல்லாமே புதுசாத்தான் இருக்கும். எனக்குப் பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சு. அதனால பழகிட்டேன்.

உங்க போனும் இப்படித்தானா? மெயிலு வந்தா அனுப்புனவுக பேரையும் விசயத்தையும் சத்தமாப் படிச்சிருது, அதை அடக்கணும், அம்புட்டுத்தானே. குடுங்க இங்கிட்டு. நீங்க எறங்குற பாலவனத்தம் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். நான் பேங்குலதான் வேலை பாக்கேன், விருதுநகர்ல. ஒரு நாளைக்கு நூறு மெயிலு வரும். கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல் பட்டனை ஒரு தட்டு தட்டுனாப் போதும், கப்புன்னு வாயை மூடிக்கிரும். போன்லதான் செட்டிங்ஸுக்குள்ள போயி மல்லுக்கட்டணும்.

ஏங்க்கா சத்தத்த இம்புட்டுக் கீழ வச்சிருக்கீக? கொசு பேசுன மாதிரி இருக்கு. உங்களுக்கே கேக்காதே.

சரி, சரி. அதென்ன கையில, மாவுக்கட்டா? சேலையில ஒரசுது, அதான் கேட்டேன். படியில விழுந்துட்டீகளா.

நானும் படின்னுதான் சொன்னேன் அன்னைக்கு. எங்க வீட்ல படியே கெடையாது.

தப்பா எடுத்துக்கிராதீக. கையை இழுக்காதீக, நான் ஒண்ணும் கேக்கல. நீங்க ஒண்ணுஞ் சொல்லவும் வேணாம். நான் என் கதையச் சொல்றேன், கேட்டுக்கிட்டு வாங்க. வெரலு பாட்டுக்கு வேலையைப் பாக்கும்.

எங்க கல்யாணத்துல மேடை போட்டு அவுகளுக்குச் சால்வை போத்துனாகக்கா. கண்ணு தெரியாத புள்ளைக்கு வாழ்க்கை குடுத்த மகான்னு மைக்குல பேசுனாக. அருப்புக்கோட்டையில உரக்கடை வச்சிருந்தாக. அந்தப் போட்டோவை பிரேம் போட்டு கடையில மாட்டிட்டாக. கடைக்கு வாரவுக எல்லாம் அதைப் பாத்துக் கும்பிடாத கொறைதான். அந்த மகானு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துனாருன்னா வேற ஆளு. நான் நடந்து பழகுன தடத்துல ஸ்டூலைத் தூக்கி வைப்பாக. முட்டி உருண்டேன்னா சிரிப்பாக. ஒரு நாளு எனக்குப் பல்லு ஒடைஞ்சுது, அவுக தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, ஒதட்டைத் தொடைச்சு விட்டுட்டு, மறுபடி ஸ்டூலை அதே எடத்துல வச்சாக.

அடிக்கிறதப் பத்தி ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு வெளங்கும். கண்ணுள்ளவுகளுக்குக் கை ஓங்குறது தெரியும். மொகத்தத் திருப்பிக்கிரலாம், கையை வச்சுத் தடுக்கலாம். நமக்கு விழுந்த பெறகுதான் அடின்னு தெரியும். அதனால வீட்டுக்குள்ள இருக்கையில எந்நேரமும் ஒடம்பு விறைச்சேதான் இருக்கும். தூங்கையிலயும்.

நான் பேங்கு பரிச்சைக்குப் படிச்சேன். எல்லாம் போன்ல கேட்டுத்தான். அவுகளுக்குத் தெரியாது. ஒரு நாளு சாப்புட உக்காந்திருக்காக, நான் ரசம் ஊத்துறேன். மேசையில கெடந்த போனு வாயைத் தொறந்துச்சு. சத்யபிரியா, உங்கள் தேர்வு நுழைவுச் சீட்டு தயார்னு. எங்க கல்யாணத்துக்குப் பெறகு அந்த வீட்டுல என் பேரை மரியாதையாச் சொன்னது அந்தப் போனு ஒண்ணுதான்.

அவுக கையைக் கழுவிட்டு வந்தாக. மெதுவாத்தான் கேட்டாக. நீ வேலைக்குப் போயிட்டா நான் யாருடி? அம்புட்டுத்தான். பெறகு என் கையைக் கதவு இடுக்குல வச்சுக் கதவைச் சாத்துனாக. எலும்பு முறியுற சத்தம் கதவுச் சத்தத்துக்கு முன்னாடி கேட்டுச்சு. எப்படிக் கேட்டுச்சுன்னு இன்னமும் தெரியல.

பரிச்சையா? எழுதுனேனே. நமக்குத்தான் வேற ஆளு எழுதணுமே, நான் வாயால சொன்னாப் போதும். கட்டுப் போட்ட கையோட போயி உக்காந்து சொன்னேன். எங்க அண்ணன் மருதுபாண்டிதான் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போச்சு. அண்ணன் எதுவும் கேக்கல. கேட்டா எதாச்சும் செய்யணும்லக்கா, அதனால கேக்கல.

பெறகு அவுக என் இயர்போனை அறுத்துப் போட்டாக. இனிமே போனு என்ன பேசுனாலும் அவுகளுக்குங் கேக்கணும், முழுச் சத்தத்துல இருக்கணும்னு சட்டம். சத்தத்தக் கொறைச்சா ஒதை. மெயிலு சத்தமே வராம அடைச்சு வச்சேன், அதுக்கும் ஒதை. ஏன் ஊமையாக் கெடக்கு, எதைடி மறைக்கிறன்னு. அதனால நான் என்ன செஞ்சேன்னா, கவனமாக் கேளுங்க, உங்களுக்கும் இதைத்தான் செய்யப் போறேன். மெயிலுக்குள்ள வெளம்பரம் ஒரு பக்கமும் காரியமான மெயிலு ஒரு பக்கமுமா அதுவே பிரிச்சு வைக்கும். எல்லாரும் வெளம்பரத்த அடைச்சுட்டு மத்ததப் பேச விடுவாக. நான் தலைகீழா வச்சேன். குப்பை எல்லாம் பேசட்டும், காரியமானது வாயே தொறக்கக் கூடாது. அதை நானாக் குளிக்கப் போகையில, வாளியில தண்ணியத் தொறந்து விட்டுட்டு, சத்தத்தக் கொறைச்சுக் காதுல ஒட்டி வச்சுக் கேட்டுக்கிருவேன். வெளிய வாரதுக்குள்ள மறுபடி கூட்டி வச்சிருவேன்.

அவுகளுக்கு அது ரெம்பப் புடிச்சிருச்சு. நாளெல்லாம் சேலை தள்ளுபடி, குக்கர் தள்ளுபடின்னு போனு கத்தும். உன்னையப் பாத்தா ஒலகமே சேலை விக்குதுடின்னு சிரிப்பாக. போனு பேசிக்கிட்டே இருந்தா நான் எதையும் மறைக்கலன்னு நெனைப்பு. பரிச்சையில பாஸானது அவுகளுக்குத் தெரியாது. இண்டர்வியூவுக்குப் போனதும் தெரியாது.

நல்லாத்தான் போச்சு. இந்தப் பாழாப்போன மெயில் ஆப்பு ஒரு நா அதுவா அப்டேட்டு ஆயி, நான் மாத்துனதெல்லாம் பழையபடி ஆயிருச்சு. எனக்கு எப்படித் தெரியும். நீங்க இதை மட்டும் மறக்காதீக, அப்டேட்டு ஆனா மொத வேலையா இதைப் பாக்கணும்.

அது சிவராத்திரிக்கு மறுநாளு. குலசாமி கும்புட எங்க ஊருக்கு, திருச்சுழிக்கு அங்கிட்டு, போயிருந்தோம். கெடா வெட்டு முடிஞ்சு அண்ணன் வீட்ல மத்தியானச் சாப்பாடு. அண்ணன் சாமான் திருப்பிக் குடுக்கக் கோயிலுக்குப் போயிருந்துச்சு. அவுக இலையில உக்காந்திருக்காக. குடிச்சிருந்தாக. போனு பேசுச்சு. சத்யபிரியா, உங்கள் பணி நியமன ஆணை, ஏழு நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்கவும்.

அவுக இலையை மடிக்கிற சத்தங் கேட்டுச்சு.

போனைக் குடு, வேணாம்னு நானே பதில் போட்டுர்றேன். இதைச் சிரிச்சுக்கிட்டுச் சொன்னாக, பந்தியில ஆளு இருந்ததால. நான் போனோட எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிட்டேன். அது நான் நடந்து வளந்த காடு. வரப்புல செருப்பில்லாம வெச்சா காலுக்கே வழி தெரியும். பின்னாடியே வந்தாக. கெடா வெட்டுன அரிவாளு செவுத்துல சாத்தியிருந்துச்சு, அதை எடுக்கையில கல்லுல ஒரசுன சத்தங் கேட்டுச்சு. வெரலைத் தனித் தனியாக் கழட்டுறேன், பெறகு நீ எதை வச்சுத் தடவிப் போனைப் பாக்குறன்னு பாப்போம்னு சொல்லிக்கிட்டே வந்தாக. கத்தல. அவுக கத்த மாட்டாக எப்பவும்.

அங்கன எங்க அண்ணன் கரி மூட்டம் போட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்ல, வேலிக்கருவை வெறகை அடுக்கி, செத்தை போட்டு, மேல ஈர மண்ணைப் பூசி உள்ள தீ வைக்கிறது. நாள் கணக்கா உள்ளுக்குள்ளயே வேகும். மொதல்ல வெள்ளையாப் பொகையும். பெறகு பொகை அடங்கிரும். பாக்கிறவுகளுக்கு வெறும் மண்மேடுதான். ஆனா அந்த நேரத்துலதான் உள்ள வெறகு சுருங்கி, மேல இருக்கிற மண்ணு ஓடு மாதிரி நிக்கும், அடியில பூரா கங்கு. எங்க வீட்டுப் புள்ளைக பால் குடிக்கையிலயே அதுமேல கால் வைக்கக் கூடாதுன்னு கேட்டு வளந்ததுக. அவுக டவுன்ல வளந்தவுக. பல தடவ வந்திருக்காக, ஆனா காட்டுக்குள்ள கால் வச்சதில்ல, செருப்புல மண்ணு ஒட்டும்னு.

வேலையாளுக சாப்புடப் போயிட்டாக. நான் கூப்புட்டுப் பாத்தேன், பதிலில்ல.

போனு மேட்டு உச்சியில கெடந்துச்சு. கெடந்துக்கிட்டு அந்த ஆர்டரை முழுசாப் படிச்சிக்கிட்டு இருந்துச்சு. மொத வரியில இருந்து. பதவி, ஊரு, சேர வேண்டிய நாளு, கொண்டாற வேண்டிய சர்டிபிகேட்டு, ஒண்ணு விடாம. அவுக அதோட வாயை அடைக்க ஏறுனாக. மூணு எட்டோ நாலு எட்டோ வச்சிருப்பாக. அப்பளம் நொறுங்குற மாதிரி ஒரு சத்தம். இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டாக. அப்பத்தான் மொத தடவையா அவுக கத்திக் கேட்டேன். கங்குல ஊனிக் கையை எடுத்து, மறுபடி ஊனி, மறுபடி எடுத்து. ஆடு பொசுக்குன வாடைதான், வேற வாடை இல்ல. நான் நின்ன எடத்துலயே நின்னேன். கண்ணு தெரியாதவ எங்கிட்டுப் போயி என்ன செய்ய.

ஆளுக ஓடியாந்து இழுத்துப் போட்டாக. இழுக்கையில ஒரு காலு தோலு காலோட வரல.

போலீஸ்ல கேட்டாக, போனைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, பெறகு எடுக்க ஏறுனாரான்னு. அவுகளாவே கேட்டு அவுகளாவே எழுதிக்கிட்டாக. ஆஸ்பத்திரியில அவுககிட்டயும் வாக்குமூலம் கேட்டாக. கால் தவறிருச்சுன்னு சொல்லிட்டாக. வேற என்ன சொல்வாக. சால்வை போத்துன ஆளு, கண்ணு தெரியாத பொண்டாட்டி ஏமாத்திட்டான்னு எப்படி வாயால சொல்றது.

இந்தாங்க உங்க போனு. நான் சொன்னபடியே மாத்தியாச்சு. வெளம்பரம் மட்டும் பேசும், மத்தது பேசாது. சத்தத்தையும் கூட்டி வச்சிருக்கேன், பயப்படாதீக, சத்தமா இருந்தாத்தான் சந்தேகம் வராது. முழு மெயிலையும் நிக்காமப் படிக்க வைக்கிறது தனி வேலை. மூணு வெரலால ஒரு தட்டு தட்டுனா மெனு வரும். அதுல மொதல்ல இருந்து படின்னு இருக்கும். அதை அமுக்கிட்டா நீங்களா நிப்பாட்டுற வரைக்கும் படிச்சுக்கிட்டே இருக்கும். கையை விட்டுப் போனாலும் படிக்கும்.

ஆமாக்கா. அதை அமுக்கிட்டுத்தான் எறிஞ்சேன்.

அவுக பிடுங்கவே இல்ல. தொடக்கூட இல்ல. குறியெல்லாம் பாக்க வேண்டியதில்ல, மூட்டத்துச் சூடு எந்தப் பக்கம்னு மொகத்துக்குத் தெரியும்ல. அந்தப் பக்கமா எறிஞ்சேன், உச்சியில போயி விழுந்துருச்சு. சம்மதம்னு பதிலைச் சாப்பாட்டு இலையில இருந்து எந்திரிச்ச ஒடனே போட்டுட்டேன், கொல்லையில நடந்துக்கிட்டே. அந்தச் சோலி முடிஞ்சிருச்சு.

பாலவனத்தம் வந்திருச்சு, கண்டக்டரு கத்துறாரு பாருங்க. கம்பை எடுத்துக்கிட்டீகளா. மெதுவா எறங்குங்க, கடேசிப் படி ஒசரம்.

அவுக மார்ச் எட்டாந் தேதி மதுரை ஆஸ்பத்திரியில செத்துப் போனாக. நான் ஜூன் ரெண்டாந் தேதி வேலையில சேந்தேன்.