பட்டறை எலி

ஓய்வு பெற்ற மனுஷனுக்குக் காலை பதினோரு மணியைத் தாண்டுவதுதான் கஷ்டம், மேடம். அதற்குள் பேப்பரில் டெண்டர் விளம்பரம்வரை படித்து முடித்திருப்பான். செந்துறை பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில் ஒரு கிண்டல் அடித்தால் பஸ்ஸே குலுங்கும். டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரிப்பார். இப்போதோ, ரோஜாப்பூப் படம் வைத்து ஊர் குரூப்பில் நான் அனுப்பும் காலை வணக்கத்தை எமன்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு வைரக்கண்ணு மகள் சிந்து, தாயில்லாத பிள்ளை, காலேஜில் படிக்கிறாள். வெங்காயம் சேமிக்கும் பட்டறைக்கு முன்னால் நின்று, வெங்காயத்தை அழுகாமல் காப்பது எப்படி என்று பேசி ஒரு வீடியோ போட்டாள். குன்னம் தாலுகா முழுக்க அதைத்தான் பார்த்தது. அவளுக்குக் கொஞ்சம் திக்கும். ‘வெங்காயம்’ என்ற சொல்லில் அவள் வாய் மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டி, ‘பட்டறை எலி’ என்ற பொய்ப் பெயரில் போட்டேன். ஊர் சிரித்த சிரிப்பு நிலாவில்கூடக் கேட்டிருக்கும். எனக்கு இருபது வயது குறைந்தது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவள் சிந்துவின் சிநேகிதி தேவயானி. “பதில் போடாதடி. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு பிளாக் பண்ணு. அடுத்த வீடியோவுல நானும் நிக்கிறேன், எந்த எலி வருதுன்னு பாப்போம்” என்றாளாம். நின்றாள். சிந்து திக்கியபோது அவசரப்படுத்தாமல், சொல்லை எடுத்துக்கொடுக்காமல், சும்மா காத்திருந்தாள். வகுப்பே திரண்டு வந்து பாராட்டி எழுதியது. என் எலியைச் சீந்த ஆளில்லை.

அப்புறம் இருவரும் என்னிடமே வந்தார்கள்.

“பெரியப்பா, போலீஸ்ல சொல்லணும், கூட வர்றீங்களா? இவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா காலேஜ நிறுத்திட்டு மாப்ள பாக்க ஆரம்பிச்சிடுவாரு” என்றாள் தேவயானி.

“நான் இருக்கேன் பாப்பா. அந்த எலிய வாலப் புடிச்சுத் தூக்கிட்டு வரேன்” என்றேன்.

சிந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் தேவயானி குரலைத் தாழ்த்தினாள். “அவ பாவம் பெரியப்பா. தெனமும் அவங்கம்மா போட்டோகிட்ட பேசிப் பழகறா. அங்க மட்டும் திக்கலையாம். என்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கா.”

அன்று மாலை எலி எழுதியது: ‘செத்தவங்ககிட்ட மட்டும் பொண்ணு சரளமாப் பேசுதாம். உசுரோட இருக்கறவங்க காது என்ன பாவம் பண்ணுச்சு?’

பிளாக் செய்திருந்தால் என்ன, அவளிடம் எடுத்துக் காட்ட ஊரில் ஆளா இல்லை. சிந்து சண்டை போடவில்லை. “உன்கிட்ட மட்டுந்தானடி சொன்னேன்” என்று தேவயானியிடம் திக்காமல் சொன்னாளாம். அதற்கப்புறம் அவள் யாரிடமும் பேசவில்லை. விஷயம் தகப்பன் காதுக்குப் போய், காலேஜும் நின்றது. வைரக்கண்ணு ஜாதகத்தோடு அலைகிறான்.

இப்போது சிந்து தினமும் பதினோரு மணிக்கு என் வீட்டுக்கு வந்து உட்காருவாள். என் மனைவி சாந்தா மோர் கொடுப்பாள். அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் போனில் எழுதிக் காட்டுவாள்: ‘நீங்க மட்டுந்தான் பெரியப்பா என் பக்கம்.’ தலையைத் தடவி ஆறுதல் சொல்லி அனுப்புவேன். அவள் படியிறங்கியதும் எலி பெயரில் எழுத உட்காருவேன். பொழுது போவதே தெரிவதில்லை.

தேவயானி கெட்டிக்காரி. அம்மா படத்து விஷயத்தை என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பிடித்து, சேர்த்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். எழுதிக்கொள்ளுங்கள், எலி நான்தான்.

ஆனால் ஒன்று, மேடம். அந்தப் பிள்ளைக்கு என்னைவிட்டால் ஆறுதலுக்கு ஆள் கிடையாது. நாளைக்கும் பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டுவாள். நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால், பாவம், அவள் யாரிடம் போய் உட்காருவாள்?